காட்டிங்லி தேவதைகள்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

துப்பறியும் கதைகளில் 'கோஸி' என்று ஒரு ரகம் உண்டு. சின்ன ஊர், நாலு தெரு, எல்லோருக்கும் எல்லோரையும் தெரியும். ரத்தம் தெறிக்காது, டீ ஆறுவதற்குள் ஒரு முடிச்சு விழும். கொஞ்சம் அமானுஷ்யம் சேர்ந்தால் இன்னும் சுவை. இந்த ரகத்துக்கு நிஜ வாழ்க்கையில் உதாரணம் கேட்பவர்களிடம் நான் எப்போதும் சொல்வது காட்டிங்லியைத்தான். சொன்னதும் வழக்கமாக வரும் கேள்விகளை இங்கே தொகுத்திருக்கிறேன்.

ஒரு வரியில் என்ன கதை?

1917-இல் இங்கிலாந்தின் ஒரு கிராமத்தில் இரண்டு சிறுமிகள் ஓடைக்கரையில் தேவதைகளைப் படம் பிடித்ததாகச் சொன்னார்கள். உலகப் புகழ் பெற்ற ஓர் எழுத்தாளர் அதை நம்பினார். உண்மை வெளியே வர 66 வருடம் ஆனது.

காட்டிங்லி எங்கே இருக்கிறது? யார் அந்தச் சிறுமிகள்?

வடக்கு இங்கிலாந்தில், யார்க்‌ஷர் பகுதியில், பிராட்ஃபோர்டு நகரத்தை ஒட்டிய சிற்றூர். பிராட்ஃபோர்டு கம்பளி ஆலைகளுக்குப் பேர் போனது. பக்கத்தில் இருந்த காட்டிங்லியில் வீடுகளுக்குப் பின்னால் ஓர் ஓடை ஓடியது. நம் கதை முழுக்க அந்த ஓடையில்தான் நடக்கிறது.

பெரியவள் எல்சி ரைட், அப்போது 16 வயது. சின்னவள் பிரான்செஸ் கிரிஃபித்ஸ், 9 வயது. உறவுமுறையில் சகோதரிகள். பிரான்செஸ் தென்னாப்பிரிக்காவிலிருந்து அம்மாவோடு வந்து எல்சி வீட்டில் தங்கியிருந்தாள். முதல் உலகப் போர் நடந்துகொண்டிருந்த காலம்.

தேவதை என்றதும் கோயில் தேவதையை நினைக்க வேண்டாம். அந்த ஊர்க் கதைகளில் வருபவை சாண் உயரத்தில், பூச்சி மாதிரி சிறகோடு, புல்லுக்கு நடுவே ஆடும் குட்டி மனிதர்கள். நம் ஊரில் இதற்கு நேர் சொந்தக்காரர் யாரும் இல்லை. மோகினியும் முனியும் வேறு சங்கதி. அவர்களைப் படம் பிடிக்க யாரும் கேமராவோடு போனதில்லை.

எதற்காக இதை ஆரம்பித்தார்கள்? பேர் வாங்கவா, பணத்துக்கா?

திட்டு வாங்காமல் தப்பிக்க. பிரான்செஸ் சதா ஓடையில் விழுந்து பாவாடையும் செருப்பும் நனைந்து வீட்டுக்கு வருவாள். ஏன் அங்கே போகிறாய் என்று அம்மா அதட்டியபோது, "தேவதைகளைப் பார்க்கப் போகிறேன்" என்று சொல்லியிருக்கிறாள். பெரியவர்கள் சிரித்தார்கள். எல்சிக்கு ரோஷம். அப்பாவின் கேமராவைக் கொடுங்கள், நிரூபிக்கிறோம் என்றாள்.

வாய்க்காலில் குளித்துவிட்டு ஈரத் தலையோடு வீட்டுக்குள் நழுவியவர்களுக்கு இந்தப் பொய்யின் ருசி தெரியும். நம்மிடம் கேமரா இல்லை, அவ்வளவுதான் வித்தியாசம்.

அப்பா என்ன சொன்னார்?

இந்த மர்மத்தின் முதல் துப்பறிவாளர் ஆர்தர் ரைட்தான். மின்சார வேலை தெரிந்தவர். படம் எடுப்பது பொழுதுபோக்கு. வீட்டிலேயே ஓர் இருட்டறை வைத்திருந்தார். அவருடைய கேமரா கண்ணாடித் தகட்டில் படம் பிடிக்கும் ரகம். எல்சிக்கு ஒரே ஒரு தகட்டைப் போட்டுக் கொடுத்தார். சிறுமிகள் அரை மணி நேரத்தில் வெற்றிக் களிப்போடு திரும்பிவிட்டார்கள்.

தகட்டைக் கழுவியபோது பிரான்செஸின் முகம் தெரிந்தது. அவள் முன்னால் நாலு தேவதைகள் ஆடின. ஆர்தர் அசரவில்லை. மகள் நன்றாகப் படம் வரைவாள், ஒரு புகைப்பட நிலையத்தில் வேலையும் பார்த்திருக்கிறாள் என்பது அவருக்குத் தெரியும். அட்டையில் வெட்டிய பொம்மைகள் என்று சொல்லிவிட்டார்.

இதைக் குறித்து வைத்துக்கொள்ளுங்கள். முதல் நாளே, முதல் ஆளே, சரியான விடையைச் சொல்லிவிட்டார். அதற்குப் பிறகு வந்த அத்தனை நிபுணர்களும் தகட்டைத்தான் ஆராய்ந்தார்கள். ஆர்தர் பார்த்தது பெண்ணை.

செப்டம்பரில் இரண்டாவது படம் வந்தது. எல்சி புல்வெளியில் உட்கார்ந்து ஒரு குள்ளனுக்குக் கை நீட்டுகிறாள். இனி கேமரா கிடையாது என்று ஆர்தர் சொல்லிவிட்டார். ஆனால் எல்சியின் அம்மா பாலி நம்பினார். அங்கேதான் கதை வாசலைத் தாண்டியது.

வீட்டுக்குள் கிடந்த படம் எப்படி வெளியே போனது? அடையாறுக்கும் இதற்கும் தொடர்பு உண்டா?

உண்டு, சுற்றி வளைத்து. பாலிக்குப் பிரம்மஞான சபையில் ஈடுபாடு. 1875-இல் நியூயார்க்கில் தொடங்கி 1882-இல் சென்னை அடையாறுக்குத் தலைமையகத்தை மாற்றிக்கொண்ட அதே தியாசஃபிகல் சொசைட்டிதான். இந்தச் சம்பவம் நடந்தபோது அதன் தலைவர் நாம் அறிந்த அன்னி பெசன்ட். அடையாறு ஆலமரத்தடியில் உட்கார்ந்தவர்கள் பலருக்கு இந்தக் கிளைக்கதை தெரியாது.

1919-இல் பிராட்ஃபோர்டு கிளையில் தேவதைகளின் வாழ்க்கை பற்றி ஒரு சொற்பொழிவு. கூட்டம் முடிந்ததும் பாலி, எங்கள் வீட்டுப் பெண்கள் எடுத்த படம் இருக்கிறது என்று பேச்சோடு பேச்சாகச் சொல்லிவிட்டார். சில மாதங்களில் அவை ஹாரோகேட் நகரில் சபையின் மாநாட்டில் காட்சிக்கு வைக்கப்பட்டன. அங்கிருந்து லண்டனில் சபையின் முக்கியஸ்தர் எட்வர்ட் கார்ட்னர் கைக்கு வந்தன. மனிதகுலம் அடுத்த படிக்கு ஏறப்போகிறது என்ற சபையின் கொள்கைக்கு இது ஆதாரம் என்று அவர் எடுத்துக்கொண்டார்.

நிபுணர்கள் யாரும் சோதிக்கவில்லையா?

சோதித்தார்கள், நன்றாகவே. கார்ட்னர் போனது ஹெரால்ட் ஸ்னெல்லிங் என்ற புகைப்பட நிபுணரிடம். ஒரே தடவையில் பதிவான படம், திறந்தவெளியில் எடுத்தது, உருவங்கள் அசைந்திருக்கின்றன என்று அவர் சொன்னார். இரண்டு தகடுகளை ஒட்டிய வேலை இல்லை என்ற அளவில் அவர் சொன்னது சரிதான். எதிரே நின்றது அட்டையா தேவதையா என்று தகடு எப்படிச் சொல்லும்?

கோடாக் நிறுவனத்தார் மோசடிக்கு அடையாளம் தெரியவில்லை என்றார்கள், ஆனால் உண்மையான தேவதைப் படம் என்று சான்றிதழ் தர மறுத்தார்கள். இல்ஃபோர்டு நிறுவனம் மோசடி அறிகுறி இருக்கிறது என்றது. மூன்றில் ஒன்று சாதகம், ஒன்று நழுவல், ஒன்று பாதகம். கார்ட்னர் தரப்பு சாதகத்தை மட்டும் பிடித்துக்கொண்டது.

இன்னொரு விஷயம் இருக்கிறது. பலர் இதைத் தவற விடுகிறார்கள். அந்த முதல் படம் சரியாக விழாமல் மங்கலாக இருந்தது. ஸ்னெல்லிங் அதைச் செப்பம் செய்து தெளிவான புது நெகட்டிவ் தயாரித்துக் கொடுத்தார். உலகம் பார்த்து வியந்தது அந்த மெருகேற்றிய பதிப்பைத்தான். சோதித்தவரே அலங்காரமும் செய்தார்!

ஷெர்லாக் ஹோம்ஸை எழுதியவரா இதை நம்பினார்?

அவரேதான், சர் ஆர்தர் கோனன் டாயில். கிண்டல் செய்வது சுலபம். கொஞ்சம் பொறுத்துப் பார்க்கலாம்.

அவருடைய மகன் கிங்ஸ்லி போரில் காயம்பட்டவர், 1918 அக்டோபரில் நோயில் இறந்தார். நாலு மாதத்தில் தம்பி இன்னெஸும் போனார். டாயிலுக்கு ஆவியுலக நம்பிக்கை அதற்கு முன்பே உண்டு. இந்தச் சாவுகளுக்கு அப்புறம் அது இன்னும் இறுகியது. அந்த ஆண்டுகளில் இங்கிலாந்தில் மகனைப் பறிகொடுக்காத தெரு இல்லை. கண்ணுக்குத் தெரியாத உலகம் ஒன்று இருக்கிறது என்பதற்குச் சின்னச் சான்று கிடைத்தாலும் கட்டிக்கொள்ளத் தயாராக இருந்த காலம் அது.

குடும்ப வாசனையும் சேர்ந்துகொண்டது. அப்பா சார்லஸ் டாயில் தேவதைகளை வரைந்தவர். பெரியப்பா ரிச்சர்ட் டாயில் தேவதை ஓவியங்களுக்கே பேர் போனவர். பிள்ளைப் பிராயத்தில் வீட்டுச் சுவரில் பார்த்தவை முதுமையில் படமாகக் கைக்கு வந்தால் மனம் எப்படி ஆடும்?

ஸ்ட்ராண்ட் பத்திரிகைக்குத் தேவதைகள் பற்றிக் கட்டுரை எழுத அவர் ஏற்கெனவே ஒப்புக்கொண்டிருந்தார். அந்த நேரத்தில் இந்தப் படங்கள் காதில் விழுந்தன. 1920 கிறிஸ்துமஸ் இதழில் கட்டுரை வந்தது, சில நாட்களிலேயே இதழ் விற்றுத் தீர்ந்தது. சிறுமிகளின் பெயரையும் ஊரையும் மாற்றித்தான் எழுதினார். ஆனாலும் பத்திரிகைக்காரர்கள் மோப்பம் பிடித்து காட்டிங்லிக்கு வந்துவிட்டார்கள். 1922-இல் இதையே தனிப் புத்தகமாகவும் போட்டார்.

எனக்குப் பிடித்த வேடிக்கை ஒன்று. 1924 ஜனவரியில், அதே ஸ்ட்ராண்டில் வந்த ஒரு கதையில், ரத்தக்காட்டேரி வழக்கு வரும்போது ஹோம்ஸ் கறாராகப் பேசுகிறார்: இந்த உலகமே நமக்குப் போதும், பேய்கள் இங்கே மனுப் போட வேண்டாம் என்று. எழுதியவர் கேட்டிருக்கலாம்.

மொத்தம் எத்தனை படங்கள்?

ஐந்து. 1917-இல் இரண்டு, 1920 ஆகஸ்டில் மூன்று. பின்னவை கார்ட்னரின் ஏற்பாடு. இரண்டு கேமராக்களையும் ரகசியக் குறி போட்ட கண்ணாடித் தகடுகளையும் கொடுத்தார், தகடு மாற்ற முடியாதபடி. எச்சரிக்கையான மனிதர்தான். ஆனால் சிறுமிகள் ஒரு நிபந்தனை வைத்தார்கள்: வேறு யாராவது பார்த்துக்கொண்டிருந்தால் தேவதைகள் வராது. பாலியும் அவர்கள் பேச்சைக் கேட்டு, தன் சகோதரி வீட்டுக்கு டீ குடிக்கப் போய்விட்டார்! தகட்டுக்குக் காவல் இருந்தது, ஓடைக்கு இல்லை.

அடுத்த வருடம் ஞானதிருஷ்டி உள்ளவர் என்று ஜெஃப்ரி ஹாட்சன் வந்தார். ஓடைக்கரை முழுக்கத் தேவதைகள் தெரிவதாகக் குறிப்பேடு நிறைய எழுதினார். சிறுமிகள் சலிப்பிலும் குறும்பிலும் ஆமாம் ஆமாம் என்று தலையாட்டியதாகப் பின்னாளில் சொன்னார்கள்.

அந்தக் காலத்தில் ஒருவருக்குமா சந்தேகம் வரவில்லை?

நிறையப் பேருக்கு வந்தது. தேவதைகளின் கொண்டை பாரிஸ் ஃபேஷனில் இருக்கிறதே என்றார்கள். இயற்பியலாளர் ஆலிவர் லாட்ஜ் ஆவிகளை நம்புகிறவர். அவரே இதை நம்பவில்லை. ட்ரூத் என்ற பத்திரிகை 1921 ஜனவரியில் எழுதியதுதான் என் கணக்கில் சிறந்த தீர்ப்பு: இந்தப் படங்களை விளங்கிக்கொள்ள மாந்திரீக அறிவு தேவையில்லை, குழந்தைகளைப் பற்றிய அறிவு போதும்.

படத்திலேயே தடயங்கள் இருக்கின்றன. முதல் படத்தில் பிரான்செஸுக்குப் பின்னால் ஒரு சின்ன அருவி. தண்ணீர் பஞ்சு மாதிரி கலங்கித் தெரிகிறது. அப்படியென்றால் கேமராவின் கண் சற்று நேரம் திறந்திருந்தது என்று அர்த்தம். ஆனால் ஆடிக்கொண்டிருக்கும் தேவதைகளின் கை கால் துல்லியமாக நிற்கின்றன. அடுத்தது, தேவதைகள் முகத்துக்கு நேரே ஆடும்போது அந்தப் பெண் கேமராவைப் பார்க்கிறாள்.

சரி, எப்படித்தான் செய்தார்கள்?

ஒரு கதைப் புத்தகத்தில் இருந்த ஆடும் பெண்களின் ஓவியத்தைப் பார்த்து எல்சி வரைந்தாள். சிறகு சேர்த்தாள். அட்டையில் வெட்டி, பெண்கள் தொப்பியில் குத்தும் நீள ஊசியால் புல்லில் நிறுத்தினார்கள். படம் எடுத்து முடிந்ததும் அட்டைகளை ஓடையில் போட்டுவிட்டார்கள். ஆர்தர் அவர்கள் அறையிலும் ஓடைக்கரையிலும் காகிதத் துண்டு தேடியும் கிடைக்காமல் போனது அதனால்தான்.

இரண்டாவது படத்தில் குள்ளனின் வயிற்றில் ஊசி முனை ஒரு புள்ளியாகத் தெரிகிறது. அதைத் தொப்புள் என்று டாயில் எடுத்துக்கொண்டார். அப்படியானால் அவர்களுக்கும் நம்மைப் போலத்தான் பிரசவம் என்று யோசனை ஓடியது. ஊசி அங்கேயே இருந்தது, கண் முன்னால்.

இன்னும் பெரிய தடயம் அந்தக் கதைப் புத்தகம். 1914-இல் போர்க்கால நிதிக்காக வெளியிட்ட 'பிரின்சஸ் மேரிஸ் கிஃப்ட் புக்'. பல எழுத்தாளர்கள் கதை கொடுத்திருந்தார்கள். அவர்களில் ஒருவர் கோனன் டாயில். தேவதைகளின் மூலப் படம் அவருடைய கதையும் இருக்கும் அதே புத்தகத்தில் அச்சாகியிருந்தது. அலமாரியிலிருந்து எடுத்துப் புரட்டியிருந்தால் வழக்கு முடிந்திருக்கும். இதை ஒரு கதாசிரியர் எழுதியிருந்தால் செயற்கையாக இருக்கிறது என்று நானே குறை சொல்லியிருப்பேன்.

உண்மையை ஏன் இத்தனை வருடம் மறைத்தார்கள்?

முதலில் பயம், பிறகு தர்மசங்கடம். விளையாட்டு வீட்டோடு முடியும் என்று நினைத்தார்கள். கோனன் டாயில் உள்ளே வந்ததும் வாயைத் திறக்க முடியவில்லை. எல்சி பிற்காலத்தில் சொன்னார்: இரண்டு கிராமத்துப் பிள்ளைகள், எதிரே டாயில் மாதிரி ஒரு மேதை, நாங்கள் சும்மா இருப்பதைத் தவிர வேறென்ன செய்வது? பெரிய மனிதரை ஊர் முன்னால் அவமானப்படுத்த மனம் வரவில்லை. டாயில் 1930-இல் காலமானார், கார்ட்னர் அதற்கப்புறம் பல பத்தாண்டுகள் இருந்தார். அவர்கள் உயிரோடு இருக்கும்வரை சொல்ல வேண்டாம் என்று இருவருக்குள்ளும் ஒப்பந்தம்.

பிரான்செஸ் சொன்னது இதைவிடக் கூர்மை. மோசடி என்றே தாம் நினைத்ததில்லை, நானும் எல்சியும் கொஞ்சம் வேடிக்கை செய்தோம், அவ்வளவுதான். இவர்கள் எப்படி ஏமாந்தார்கள் என்று இன்றுவரை புரியவில்லை, ஏமாற ஆசைப்பட்டார்கள் என்றார்.

இடையில் எல்சி அமெரிக்கா போனார், மணமாகிக் கணவரோடு சில காலம் இந்தியாவிலும் வாழ்ந்தார். 1966-இல் டெய்லி எக்ஸ்பிரஸ் அவரைத் தேடிப் பிடித்தது. 1971-இல் பிபிசி கேட்டபோது, அவை எங்கள் கற்பனையின் படங்கள், அதற்கு மேல் சொல்ல மாட்டேன் என்று நின்றார். யோசித்துப் பார்த்தால் அது பொய்யே இல்லை.

கடைசியில் யார் முடிச்சை அவிழ்த்தது?

1977-இல் ஃப்ரெட் கெட்டிங்ஸ் என்ற ஆய்வாளர் அந்தக் கதைப் புத்தக ஓவியத்தைக் கண்டுபிடித்தார். 1982 இறுதியிலிருந்து ஜெஃப்ரி க்ராலி, பிரிட்டிஷ் ஜர்னல் ஆஃப் ஃபோட்டோகிராஃபி இதழில் தொடர் கட்டுரையாகக் கேமரா, தகடு, ஸ்னெல்லிங்கின் மெருகு என்று ஒவ்வொன்றாகப் பிரித்துக் காட்டினார். 1983-இல் இருவரும் ஒப்புக்கொண்டார்கள். அப்போது எல்சி எண்பதைத் தாண்டிவிட்டார். பிரான்செஸ் 1986-இலும் எல்சி 1988-இலும் காலமானார்கள்.

ஐந்தாவது படம் மட்டும் நிஜம் என்கிறார்களே?

சொன்னது பிரான்செஸ். நான்கு படங்கள் பொய், ஐந்தாவது நிஜம் என்று சாகும்வரை மாற்றவில்லை. மழை ஈரமான ஒரு சனிக்கிழமை மதியம், எல்சி எதையும் தயார் செய்திருக்கவில்லை, புல்லுக்குள் தேவதைகள் தெரிந்தன, கேமராவைக் காட்டி அமுக்கினேன் என்றார். எல்சியோ ஐந்துமே பொய் என்றார். போதாக்குறைக்கு அந்தப் படத்தை எடுத்தது நான்தான் என்று இருவருமே சொன்னார்கள்.

க்ராலியின் விளக்கம் எனக்குச் சரியாகப் படுகிறது: ஒரே தகட்டில் தெரியாமல் இரண்டு தடவை படம் பதிந்திருக்கிறது. அப்படியானால் எல்சி ஒரு தடவையும் பிரான்செஸ் ஒரு தடவையும் அமுக்கியிருக்கலாம். இருவர் உரிமை கொண்டாடியதும் பொருந்துகிறது. புல்லின் மேல் மங்கலாகப் படிந்த அட்டை உருவங்கள்தான் பிரான்செஸுக்கு எதிர்பாராமல் வந்த அதிசயமாகத் தெரிந்திருக்க வேண்டும். மற்ற நான்கையும் தானே செய்தவர் இதில் மட்டும் எதற்காக அடம் பிடித்தார் என்று நீங்கள் கேட்டால், படத்தை வைத்து அதற்குப் பதில் சொல்ல முடியாது.

அந்தக் கேமராக்கள் இப்போது எங்கே?

பிராட்ஃபோர்டில் உள்ள தேசிய அறிவியல், ஊடக அருங்காட்சியகத்தில். ஓடை காட்டிங்லியில்தான்.

நம் ஊரில் ஏன் இப்படித் தேவதைகள் இல்லை?

சிரித்துக்கொண்டே கேட்பார்கள், ஆனால் தவறாமல் கேட்பார்கள். பதிலைப் பிரான்செஸே எழுதி வைத்திருக்கிறாள். 1918 நவம்பரில், உலகுக்கு எதுவும் தெரியாத காலத்தில், தென்னாப்பிரிக்கத் தோழிக்கு ஒரு கடிதம் போட்டாள். பொம்மைகளையும் வீட்டு விஷயங்களையும் சொல்கிற சாதாரணக் கடிதம். கூடவே தேவதைப் படத்தையும் வைத்து, அதன் பின்பக்கத்தில், ஆப்பிரிக்காவில் இவற்றை நான் பார்த்ததே இல்லை, வேடிக்கையாக இருக்கிறது, அங்கே அவற்றுக்கு வெயில் தாங்காது போலிருக்கிறது என்று எழுதியிருந்தாள். கேப் டவுனுக்கே அந்தக் கதி என்றால் நம் சித்திரை வெயிலைப் பற்றிக் கேட்கவே வேண்டாம்.